குணமாக வேண்டும் என்ற மனம் எங்கிருந்து வரும்?

கேள்வி: எனக்கு வயது 24. சொந்த ஊர் தென்காசி பக்கம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தொடங்கியது இது. காலையில் எதுவும் சாப்பிட மாட்டேன். மதியம் பெயருக்கு ஏதாவது. இரவு அறைக்கு வந்ததும் நிறுத்தவே முடியாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு வாந்தி எடுத்துவிடுகிறேன். வாரத்தில் நான்கைந்து நாட்கள் இப்படித்தான். சனிக்கிழமை விரதம் என்று சொல்லி முழுநாளும் பட்டினி கிடக்கிறேன். அது பெருமாளுக்காக அல்ல என்று எனக்கே தெரியும். ஒருமுறை பதினொரு நாட்கள் வாந்தி எடுக்காமல் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் தோழியின் பிறந்தநாள் கேக்கோடு எல்லாம் போயிற்று. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள், கொஞ்சம் இளைத்தால் நன்றாக இருக்கும் என்கிறார் அம்மா. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. மதுரையில் இருக்கும் அத்தை மட்டும், "ஏன் உன் குரல் இப்படிக் கம்மியிருக்கிறது?" என்று கேட்டார். சில நாட்களில் எப்படியாவது குணமாகிவிட வேண்டும் என்று அழுகிறேன். சில நாட்களில், இதுவும் போய்விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது. நான் யாரிடம் சொல்வது? குணமாக வேண்டும் என்ற மனத்தை எப்படி நிலைநிறுத்துவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கி மேலே தந்திருக்கிறேன். அதில் மூன்று இடங்களில் உங்கள் எடையைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த எண்களை நீக்கியது நான்தான். இதே துன்பத்தோடு இருக்கும் இன்னொரு பெண் இதைப் படிக்கும்போது, தன் எடையை உங்களுடையதோடு ஒப்பிட்டு, 'நான் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை, எனக்கு உதவி தேவையில்லை' என்று முடிவு செய்துவிடக் கூடாது. இந்த நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை எடை பார்க்கும் இயந்திரம் சொல்லாது. உங்களைப் போன்ற தொந்தரவு உள்ளவர்களில் பெரும்பாலோர் பார்வைக்குச் சாதாரண உடல்வாகோடுதான் இருப்பார்கள். ஐந்து ஆண்டுகள் ஆகியும் உங்கள் வீட்டார் கண்ணில் படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உடம்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது. தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அது குறைந்தால், வெளியே பெரிதாக எந்த அறிகுறியும் தெரியாமலேகூட, இதயத் துடிப்பின் சீர் கெடலாம். ஆகவே இந்த வாரத்திற்குள் அருகில் உள்ள ஒரு பொது மருத்துவரிடம் சென்று, "எனக்கு அடிக்கடி வாந்தி எடுக்கும் பழக்கம் இருக்கிறது, நானாகத்தான் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். இரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவையும், சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து, ஓர் ஈசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், கை கால்கள் துவண்டுபோவது, வாந்தியில் இரத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். உங்கள் அத்தை கவனித்த குரல் கம்மலுக்கும் வாந்தியோடு வரும் அமிலம் காரணமாக இருக்கலாம். அந்த அமிலம் பற்களின் எனாமலையும் அரிக்கும். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கினால் இன்னும் தேயும் என்பதால், அப்போதைக்கு வெறும் நீரில் வாய் கொப்பளிப்பதே சரி.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது புலிமியா நெர்வோசா என்ற உண்ணுதல் கோளாறோடு மிகவும் பொருந்துகிறது. லண்டனில் பணிபுரிந்த ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர், தம்மிடம் வந்த முப்பது நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, 1979ஆம் ஆண்டில்தான் இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பெயர் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது, அதிலிருந்து மீண்டவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். 'எனக்கு மட்டும் இருக்கும் அசிங்கமான பழக்கம்' என்று கடிதத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொற்களும் தவறு: இது உங்களுக்கு மட்டும் இருப்பதும் அல்ல, அசிங்கமும் அல்ல.

உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்கள். அதற்கு நீங்கள் காட்டும் சாட்சி அந்தப் பன்னிரண்டாம் நாள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன்.

1944ஆம் ஆண்டு நவம்பரில், இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் பட்டினியைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தரவில்லை என்று மறுத்த இளைஞர்களில் 36 பேர் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருப்பவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஆண்கள் அவர்கள். முதலில் சில வாரங்கள் வழக்கமான உணவும், பிறகு ஆறு மாதங்களுக்கு அரை வயிற்று உணவும் கொடுக்கப்பட்டன. அவர்களுக்கு நாள் முழுவதும் சோற்றைப் பற்றிய நினைப்பே ஆயிற்று. சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படித்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டு துளித் துளியாகச் சாப்பிட்டார்கள். எரிச்சலும் சோர்வும் வந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறி வாரித் தின்றுவிட்டுக் குற்ற உணர்வில் நொந்துபோனார்கள். பழையபடி உணவு கிடைத்த பிறகும், வயிறு நிறையச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்று பலர் வாரக்கணக்கில் சொன்னார்கள். அந்த 36 பேரில் எவரும் இளைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பட்டினி கிடந்தவர் அல்லர். பட்டினி போடப்பட்ட உடம்பு மனத்தை என்ன பாடு படுத்தும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

இப்போது உங்கள் பதினொரு நாட்களைத் திரும்பப் பாருங்கள். அந்த நாட்களில் நீங்கள் வாந்தியை நிறுத்தினீர்கள். ஆனால் காலைப் பட்டினியை நிறுத்தவில்லை, சனிக்கிழமைப் பட்டினியையும் நிறுத்தவில்லை. பன்னிரண்டாம் நாள் அந்தக் கேக் வராமல் இருந்திருந்தால், பதின்மூன்றாம் நாள் ஒரு முறுக்குப் பொட்டலம் வந்திருக்கும். இரவில் வரும் அந்த அடக்க முடியாத வேகத்துக்கு, காலை ஏழு மணியிலிருந்து நீங்களே விறகு அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மன உறுதி குறைவாக உள்ள ஒரு பெண்ணால், ஐந்து ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் பசியோடு பேருந்து ஏறி, எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. உறுதி உங்களிடம் வேண்டிய அளவுக்கு இருக்கிறது; அதை நோய் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆகையால் நீங்கள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். குணமாக வேண்டும் என்ற மனம் முதலில் வரும், அது நிலைத்த பிறகு சாப்பாட்டைச் சரி செய்யலாம் என்று காத்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. மனம் பாதியோ காலோ இருக்கும்போதே வேளைக்குச் சாப்பிடத் தொடங்க வேண்டும். உடம்புக்கு உணவு வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை ஏற்பட்ட பிறகுதான் மனம் மெல்லத் திரும்பி வருகிறது. புலிமியாவுக்கு அதிகம் ஆராயப்பட்ட சிகிச்சையான சிபிடி என்ற, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையை ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வடிவமைத்தார். ஏறக்குறைய இருபது வாரங்களில் இருபது அமர்வுகள். அதில் நோயாளியின் கடந்த காலத்தைத் தோண்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுவது இந்த வேளைச் சாப்பாட்டைத்தான். முதல் நான்கு வாரங்களில் ஓரளவு மாற்றம் தெரிந்தவர்களே பெரும்பாலும் சிகிச்சையின் முடிவிலும் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆதலால் தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதில் பயன் இல்லை.

வேளைச் சாப்பாடு என்றால் மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டியும். எந்த இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது முதல் சில வாரங்களில் இரண்டாம் பட்சம். எப்போது என்பதே முக்கியம். விடுதியில் காலையில் இட்லி என்றால் இட்லி, பொங்கல் என்றால் பொங்கல். பசிக்கிறதா என்று உடம்பைக் கேட்க வேண்டாம். ஐந்து ஆண்டுகளாகப் பசியை அடக்கிப் பழகிய உடம்பால் இப்போது சரியாகப் பதில் சொல்ல முடியாது. கடிகாரத்தைக் கேளுங்கள். முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது என்ற ஒரே ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பியது போலவும், எடை கட்டுக்கடங்காமல் ஏறுவது போலவும் முதல் இரண்டு மூன்று வாரங்கள் தோன்றும். அந்தப் பயத்தோடுதான் சாப்பிட வேண்டியிருக்கும். அது எளிது என்று நான் சொல்ல மாட்டேன்.

'இதுவும் போய்விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். லண்டனில் ஜேனட் டிரெஷர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளை இரண்டு கடிதங்கள் எழுதச் சொன்னார்கள்: நோயைத் தன் தோழியாகக் கருதி ஒன்று, எதிரியாகக் கருதி ஒன்று. 1999இல் அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவை மிகவும் குறைத்துக்கொள்ளும் கோளாறு) நோயாளிகளின் கடிதங்களையும், பின்னர் புலிமியா நோயாளிகளின் கடிதங்களையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். தோழிக்கு எழுதிய கடிதங்களில் நன்றி இருந்தது. தன்னைப் பாதுகாத்தது, துயரத்தை உணராமல் மறைத்தது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நீங்களும் இரண்டையும் எழுதுங்கள். தோழிக்கான கடிதத்தில் பொய் சொல்லாதீர்கள். இது உங்களுக்கு என்ன கொடுத்தது என்பதை ஒளிக்காமல் எழுதினால்தான், அதையே வேறு எங்கிருந்து பெறலாம் என்று உங்கள் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து தேட முடியும். எதிரிக்கான கடிதத்தை ஐந்து ஆண்டு கழித்து எழுதுவதாக, 29 வயதுப் பெண்ணின் கையால் எழுதிப் பாருங்கள். தை மாதத்தை மட்டும் இலக்காக வைக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாருக்காக, அம்மாவின் திருப்திக்காக என்று கடன் வாங்கிய காரணங்கள் ஒரு கெட்ட இரவைக்கூடத் தாங்குவதில்லை.

இனி, யாரிடம் சொல்வது என்ற கேள்வி. ஆதரவு என்றதும் நாம் எல்லோரும் பெரிய அளவில் நினைத்துக்கொள்கிறோம்: குடும்பமே புரிந்துகொண்டு சுற்றி நிற்க வேண்டும் என்று. முதலில் உங்களுக்குத் தேவை ஒரே ஒரு ஆள், நாளில் ஒரே ஒரு வேளை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். அவருக்கு மாலைச் சிற்றுண்டிதான் தாண்ட முடியாத இடமாக இருந்தது. ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் என்று பேசி வைத்திருந்தோம். தினமும் நான்கரை மணிக்கு ஊரில் இருக்கும் சித்தி தொலைபேசியில் அழைப்பார். "முதல் வாரம் பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், டாக்டர்" என்றார் அந்தப் பெண். "சித்தி அழாதே என்றும் சொல்லவில்லை, சாப்பிடு என்றும் சொல்லவில்லை. மாடியில் காயப்போட்ட வற்றலைக் காக்கை இழுத்துப்போட்டதையும், அதை மறுபடி பொறுக்கிப் பரப்பியதையும் சொல்லிக்கொண்டே இருந்தார். வற்றல் கதை முடிவதற்குள் பழமும் முடிந்துவிட்டது." சாப்பிட்ட பிறகும் இருபது நிமிடம் சித்தி இணைப்பைத் துண்டிக்க மாட்டார், வாந்தி எடுக்க வேண்டும் என்ற உந்துதல் அலை போல ஏறி, யாராவது கூட இருந்தால் தானாக இறங்கிவிடும் நேரம் அது. மூன்றாம் மாதம் அந்தப் பெண் வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "நேற்று அலுவலகக் கூட்டத்தில் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது." அதுவரை கூட்டங்களில் எல்லாம் அவர் மனம் இரவுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாம். அதன் பிறகு மன உறுதியைப் பற்றி என்னிடம் அவர் கேட்கவே இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அன்பு மட்டும் போதாது. ஜேனட் டிரெஷர் குடும்பத்தாருக்குப் பயிற்சி அளிக்கும்போது விலங்குகளை உவமை காட்டுவார்: குட்டியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கங்காரு, ஆத்திரத்தில் முட்டி மோதும் காண்டாமிருகம், தலையை மணலில் புதைத்துக்கொள்ளும் நெருப்புக்கோழி, இவர்களுக்குப் பதிலாக, கூடவே நீந்தித் தேவையான இடத்தில் மட்டும் மெல்ல உந்திவிடும் டால்பினாக இருங்கள் என்பார். உங்கள் கடிதத்தில் வரும் மனிதர்களில் டால்பின் யார் என்று எனக்குத் தெரிகிறது. உங்கள் எடையைப் பற்றிப் பேசாமல் உங்கள் குரலைக் கவனித்தவர் ஒருவர்தான்.

அம்மாவிடமும் சொல்லத்தான் வேண்டும்; ஆனால் அவரிடமே தொடங்க வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்த்த பிறகு, முடிந்தால் அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். முதலில் அவர் அழக்கூடும், 'என் சமையலில் என்ன குறை' என்று கேட்கக்கூடும், யார் கண் பட்டதோ என்று சுற்றிப் போடவும் கூடும். செய்யட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைத் திட்டவட்டமாகக் கேளுங்கள்: உங்கள் உடம்பைப் பற்றி, இளைத்தது பூசினாற்போல் இருப்பது உட்பட, யாரும் எதுவும் சொல்லக் கூடாது, பெண் பார்க்கும் பேச்சை நீங்கள் சொல்லும்வரை தள்ளி வைக்க வேண்டும். குணமாகிவரும் பெண்ணிடம் 'உடம்பு தேறி இப்போதுதான் நன்றாக இருக்கிறாய்' என்று சொல்வதுகூட அவள் காதில் 'குண்டாகிவிட்டாய்' என்றுதான் விழும். பாராட்டு என்று நினைத்துச் சொல்பவர்களுக்கு இது தெரியாது. அம்மாவிடம் இந்தப் பக்கத்தையே காட்டலாம்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பள்ளிப் பருவத்துப் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்து மளமளவென்று இளைத்துக்கொண்டிருந்தால், அவளாக மனம் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சையில், பிள்ளைக்கு உணவளிக்கும் பொறுப்பைச் சிறிது காலத்துக்குப் பெற்றோரே ஏற்கிறார்கள். குணமாகும் ஆசை பிள்ளைக்கு வந்த பிறகுதான் தொடங்குவது என்ற நிபந்தனை அங்கே இல்லை. ஆனால் நெடுநாள் பட்டினி கிடந்து மிகவும் மெலிந்துபோன உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று குறைந்து உயிருக்கே கேடு வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் அதைத் தொடங்க வேண்டும்.

சிகிச்சைக்கு எங்கே போவது? மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு அருகில் எங்கே செல்வது என்று வழிகாட்டுவார்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றும் இரவுகளிலும் இதே எண்ணை அழையுங்கள், தயங்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் செல்வதானால் மனநல மருத்துவரும், சிபிடியில் பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் சேர்ந்து பார்க்கும் இடமாகத் தேடுங்கள். உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்கு இதற்கு முன் சிகிச்சை அளித்திருக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். எடைக் குறைப்பு அட்டவணையோடு யாராவது தொடங்கினால், எழுந்து வந்துவிடுங்கள். சிலருக்கு ஃப்ளுயோக்ஸெட்டின் என்ற மாத்திரை இந்த வேகத்தைக் குறைக்க உதவுகிறது. அது உங்களுக்கு வேண்டுமா என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது; உடல் நோய்களைப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நடுவில் சறுக்கல்கள் வரும். வேளைக்குச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் சில இரவுகளில் பழையபடி நடக்கும். அன்று நோட்டில் எழுத வேண்டியது, 'மறுபடியும் தோற்றேன்' என்றல்ல. அன்று எந்த வேளை விட்டுப்போயிற்று, அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை. பத்து இரவுகளின் குறிப்பை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே ஓட்டை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சிகிச்சையாளரிடம் கொண்டுபோக அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

வரும் சனிக்கிழமை விரதம் வேண்டாம். நம் வழக்கத்தில் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் விரதத்திலிருந்து விலக்கு உண்டு. உடம்பு தேறும்வரை அந்த விலக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். காலையில் விடுதியில் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் கோயிலுக்குப் போய் வாருங்கள். போவதற்கு முன் அத்தைக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். என்ன எழுதுவது என்று தடுமாறினால், இதையே அப்படியே அனுப்பலாம்: "அத்தை, அன்னைக்கு என் குரல் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டீங்க. நான் சரியா பதில் சொல்லலை. உடம்பு சரியில்லை, யாருக்கும் தெரியாது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்ககிட்ட மட்டும் தனியா கொஞ்ச நேரம் பேசணும். முடியுமா?"